இசட் என்பது மதிப்பு அல்ல: த்ரீ-ஸ்டேட் பாடத்தின் மேல் ஒரு வழக்கு

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் புத்தகம் எதை எடுத்தாலும் த்ரீ-ஸ்டேட் பஃபருக்கு ஒரு சின்ன அட்டவணை இருக்கும். எனேபிள் 1 என்றால் உள்ளே வந்தது வெளியே போகும். எனேபிள் 0 என்றால் வெளியீட்டுக் கட்டத்தில் ‘இசட்’ என்று ஒரு எழுத்து. பக்கத்தில் ஒரு முக்கோணம், அதன் இடுப்பில் எனேபிளுக்கு ஒரு கோடு. இன்வெர்ட்டர் என்றால் மூக்கில் ஒரு வட்டம் கூடுதல். அரைப் பக்கத்தில் விஷயம் முடிந்துவிடும், அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

இந்த அரைப் பக்கத்தின் மேல்தான் எனக்கு வழக்கு. 0, 1 எழுதுகிற அதே கட்டத்தில் இசட்டையும் எழுதிவிட்டதால், படிக்கிற பிள்ளைக்கு அது மூன்றாவது மதிப்பு மாதிரித் தெரிகிறது. வேலைக்கு நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: ஒரு கம்பியில் இரண்டு த்ரீ-ஸ்டேட் பஃபர்கள், இரண்டையும் அணைத்துவிட்டோம், இப்போது அந்தக் கம்பியைப் படித்தால் என்ன வரும்? “இசட் வரும் சார்” என்று தயங்காமல் சொல்கிறவர்கள் நிறைய. இசட் வராது. கம்பியைப் படிக்கிற சிப்புக்கு 0, 1 இரண்டுதான் தெரியும். ஏதோ ஒன்று வந்தே தீரும். அது எது, ஏன் என்பதைத்தான் பாடம் சொல்லாமல் விட்டுவிட்டது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். சாதாரண டிடிஎல் கேட்டின் வெளியீட்டில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். மேலே இருப்பது கம்பியை 5 வோல்ட் பக்கம் இழுக்கும், கீழே இருப்பது தரைக்கு இழுக்கும். டோட்டம்-போல் என்று பெயர். எப்போதும் இருவரில் ஒருவர் இழுத்துக்கொண்டே இருப்பார். இப்படிப்பட்ட இரண்டு வெளியீடுகளை ஒரே கம்பியில் கட்டினால் கயிறு இழுக்கும் போட்டிதான். ஒன்று மேலே இழுக்க, இன்னொன்று கீழே இழுக்க, நடுவில் மின்வழங்கியிலிருந்து தரைக்கு நேர்வழி திறந்துவிடும்.

த்ரீ-ஸ்டேட் என்பது இந்தப் போட்டியில் கயிற்றை விட்டுவிடும் வசதி. எனேபிள் போனதும் மேல், கீழ் இரண்டு டிரான்சிஸ்டர்களும் அணைந்துவிடும். அவ்வளவுதான். கம்பிக்குப் புதிதாக எந்த மதிப்பும் தரப்படுவதில்லை, இந்தச் சிப் கம்பியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொள்கிறது. ‘உயர் மின்மறிப்பு நிலை’ என்று நம் பாடநூல் தமிழில் எழுதுகிறோம், தப்பில்லை. ஆனால் என்னிடம் கேட்டால் ‘கைவிட்ட நிலை’ என்பேன். மதிப்பு என்பது கம்பியின் சொத்து. கைவிடுவது என்பது சிப்பின் செயல். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதியதுதான் குழப்பத்தின் வேர்.

பெயரிலும் ஒரு சின்னக் கதை உண்டு. ட்ரை-ஸ்டேட் என்பது நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் பதிவு செய்து வைத்திருந்த வணிகப் பெயர். மற்ற நிறுவனங்களின் தரவுத்தாள்களில் 3-ஸ்டேட், த்ரீ-ஸ்டேட் என்று கவனமாக எழுதியிருப்பதற்குக் காரணம் அதுதான். ஒருவேளை ‘ஆஃப்’ வெளியீடு என்று பெயர் வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இதற்கு முன்பும் ஒரு கம்பியைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். ஓபன் கலெக்டர் முறையில் மேல் டிரான்சிஸ்டரே கிடையாது. கீழே இழுக்க மட்டும் தெரியும், மேலே தூக்க வெளியில் ஒரு மின்தடை. யாரும் இழுக்காதபோது அந்த மின்தடை கம்பியை மெதுவாக மேலே கொண்டுபோகும். மெதுவாக என்பதுதான் சிக்கல். 4.7 கிலோ ஓம் மின்தடை, கம்பியில் 100 பிகோ ஃபாரட் என்று வைத்தால் பெருக்கல் 470 நானோவினாடி. கேட்டின் தாமதம் 10 நானோவினாடி இருக்கிற காலத்தில் இது மாட்டுவண்டி வேகம். தூக்குவதற்கும் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும், வேண்டாத நேரத்தில் அதுவும் ஒதுங்க வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் த்ரீ-ஸ்டேட் பிறந்தது. அதாவது இது வேகத்துக்காக வந்த கருவி. புத்தகங்கள் இதை ‘பலர் ஒரு கம்பியைப் பகிர’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகின்றன. பகிர்வது முன்பே முடிந்த காரியம்.

வேகத்துக்காக வந்த கருவியை நேரமே இல்லாத படத்தில் விளக்கினால் என்ன ஆகும்? மோரிஸ் மானோவின் ‘கம்ப்யூட்டர் சிஸ்டம் ஆர்க்கிடெக்சர்’ நம் ஊர் பிஇ படித்தவர்கள் பலரும் கடந்து வந்த புத்தகம். எனக்குப் பிடித்த புத்தகமும்கூட. அதில் பஸ் பற்றிய இடத்தில் ஒரு படம் வரும்: நான்கு த்ரீ-ஸ்டேட் பஃபர்களின் வெளியீடுகள் ஒரே கம்பியில், அவற்றின் எனேபிள்களை ஒரு 2-க்கு-4 டிகோடர் ஓட்டுகிறது. டிகோடர் இருப்பதால் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேல் இயங்காது என்பது வாதம்.

தர்க்கப்படி சரி. ஆனால் தேர்வு 01-லிருந்து 10-க்கு மாறும்போது இரண்டு பிட்டும் ஒரே கணத்தில் மாறுவதில்லை. ஒன்று சில நானோவினாடி முந்தும். நடுவில் டிகோடர் 00-ஐயோ 11-ஐயோ பார்த்துவிட்டு, சம்பந்தமே இல்லாத மூன்றாவது பஃபரை ஒரு கணம் எழுப்பிவிடலாம். அதுவும் போக, பழைய பஃபர் கையை விட எடுக்கும் நேரமும், புதியது பிடிக்க எடுக்கும் நேரமும் வேறு. 74எல்எஸ்244 மாதிரி ஒரு சிப்பின் தரவுத்தாளைப் பாருங்கள். உள்ளே வந்தது வெளியே வர அதிகபட்சம் 18 நானோவினாடி என்று ஒரு எண், பிடிக்க ஒரு எண், விட வேறு ஒரு எண், அதிலும் மேலிருந்து விடுவதற்கும் கீழிருந்து விடுவதற்கும் தனித்தனி. அட்டவணையில் ஒரே எழுத்தாக இருந்த இசட் இங்கே நான்கு நேரங்களாகப் பிரிகிறது. தரவுத்தாள் எழுதியவர்களுக்கு இசட் ஒரு நிலை அல்ல, நான்கு விதமான பயணங்கள்.

இரண்டு பேர் ஒரு கணம் சேர்ந்து இழுத்தால் என்ன நஷ்டம்? 74எல்எஸ்244-இன் வெளியீடு மேலே இருக்கும்போது தரையோடு முட்டினால் 40 முதல் 225 மில்லி ஆம்பியர் வரை ஓடலாம் என்கிறது தரவுத்தாள். எட்டுக் கம்பி என்றால் எட்டு மடங்கு. 10 நானோவினாடிக்கு இது நடந்தால் சிப் எரியாது. எரிந்தால் நல்லதுங்க, கண்டுபிடித்துவிடலாம். மாறாக மின்வழங்கியில் ஒரு குழி விழும், தரை ஒரு துள்ளு துள்ளும், பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒரு ஃபிளிப்-ஃபிளாப் காரணமில்லாமல் மாறும். ஆய்வகத்தில் ‘சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் செய்யல’ என்கிற சர்க்யூட்டுகளில் ஒரு பங்காவது இதன் புண்ணியம் என்றுதான் நினைக்கிறேன்.

மானோவின் அந்தப் படத்தில் டிகோடருக்கு ஒரு எனேபிள் இருக்கிறது. அது 0 ஆனால் எல்லா பஃபரும் அணைந்து கம்பி உயர் மின்மறிப்புக்குப் போகும் என்பது அதன் விளக்கம். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நோயைச் சொல்லாமல் விட்ட மாதிரி. அந்த எனேபிளின் உண்மையான வேலை, முகவரி மாறுகிற நேரத்தில் எல்லோரையும் கை எடுக்க வைப்பது. 8085-இல் ஆர்டி சிக்னல் இதைத்தான் செய்கிறது. முகவரி நிலைத்த பிறகு கீழே இறங்கும், அடுத்த முகவரி வருவதற்கு முன் மேலே ஏறிவிடும். நடுவில் யாருமே ஓட்டாத ஒரு இடைவெளி. 8085 நேர வரைபடத்தை மனப்பாடம் செய்து பரீட்சையில் வரைந்தவர்கள் நாம் எல்லோரும், அந்த இடைவெளி எதற்கு என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

இன்வெர்ட்டர் விஷயத்தில் புத்தகங்கள் இன்னும் மோசம். ‘இதே போல் தலைகீழாக்கும் வகையும் உண்டு’ என்று ஒரு வரி. 240 இருக்க 244 எதற்கு, 366, 368 எல்லாம் யாருக்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. தலைகீழாக்குவது கூடுதல் வேலை, ஆகவே இன்வெர்ட்டர் என்பது பஃபரும் அதன் மேல் ஒரு வட்டமும் என்று படம் நம்மை நம்ப வைக்கிறது. உண்மையில் ஒரு டிரான்சிஸ்டர் கட்டம் இயல்பாகவே தலைகீழாக்கும். சிமாஸில் நான்கே டிரான்சிஸ்டரில் ஒரு த்ரீ-ஸ்டேட் இன்வெர்ட்டர் கட்டிவிடலாம்: மேலே இரண்டு பிமாஸ், கீழே இரண்டு என்மாஸ், ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தரவுக்கு, ஒன்று எனேபிளுக்கு. தலைகீழாக்காத பஃபர் வேண்டுமென்றால்தான் கூடுதல் டிரான்சிஸ்டர் வேண்டும். சிப்புக்குள் லாட்ச், ஃபிளிப்-ஃபிளாப் கட்டுகிறவர்கள் இந்த நான்கு டிரான்சிஸ்டர் இன்வெர்ட்டரைத்தான் செங்கல் மாதிரி அடுக்குகிறார்கள். வட்டம் போட்டதுதான் அசல், வட்டம் இல்லாததுதான் ஒட்டு வேலை.

சரி, யாரும் ஓட்டாத கம்பியைப் படித்தால் என்ன வரும் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான உதாரணம் எந்தப் பாடநூலிலும் இல்லை, ஒரு விளையாட்டுப் பெட்டியில் இருக்கிறது. நின்டெண்டோவின் என்இஎஸ். ஜப்பானில் 1983-இல் ஃபேமிகாம் என்ற பெயரில் வந்தது.

அதன் கைப்பிடிக்குள் 4021 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர். பொத்தான் அழுத்தாதபோது கம்பி மேலே, அழுத்தினால் தரைக்கு, அதாவது 0. பெட்டிக்குள் இந்தக் கம்பிகள் 368 வகை சிப் வழியாகத் தரவு பஸ்ஸுக்குப் போகின்றன. ஆறு த்ரீ-ஸ்டேட் இன்வெர்ட்டர்கள் கொண்ட சிப் அது. புத்தகம் ஒரு வரியில் கடந்துபோன அதே ஆள். சிபியு ஹெக்ஸ் 4016 என்ற முகவரியைப் படித்தால் ஒரு 368 கண் திறக்கும். 4017-ஐப் படித்தால் இன்னொன்று. அழுத்திய பொத்தான் 0-ஆக வந்து, தலைகீழாகி, நிரலுக்கு 1-ஆகத் தெரியும். அந்த வட்டம் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை: கைப்பிடியே சொருகாத பிளக்கில் மின்தடை கம்பியை மேலே தூக்கி வைத்திருக்கும், அது தலைகீழாகி 0. அதாவது ‘எதுவும் அழுத்தப்படவில்லை’. தலைகீழாக்காத பஃபரைப் போட்டிருந்தால், கைப்பிடியைப் பிடுங்கியதும் எட்டுப் பொத்தானும் அழுத்தியதாக நிரல் பார்த்திருக்கும், அல்லது ஒவ்வொரு நிரலும் தானே பிட்டைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆனால் பைட் என்பது எட்டு பிட். 368 ஓட்டுவது கீழே இருக்கிற பிட்டுகளை மட்டும்தான். மேல் மூன்று பிட்டுகளை அந்த நேரத்தில் யாரும் ஓட்டுவதில்லை. அட்டவணைப்படி இசட். சிபியு என்ன படிக்கும்?

சிபியு 6502 குடும்பம். 4016-ஐப் படிக்கும் கட்டளை நினைவகத்தில் மூன்று பைட்: கட்டளை எண், முகவரியின் கீழ்ப் பாதி 16, மேல் பாதி 40. இந்த மூன்றையும் ஒவ்வொரு சுற்றாக எடுத்துவிட்டு, நான்காவது சுற்றில் கைப்பிடியைப் படிக்கிறது. அதற்குச் சற்று முன் பஸ்ஸில் கடைசியாக இருந்த பைட் ஹெக்ஸ் 40. எல்லோரும் கையை எடுத்த பிறகும் அந்தக் கம்பிகளில் மின்னூட்டம் அப்படியே தங்கியிருக்கிறது. ஆகவே மேல் பிட்டுகளில் 40-இன் மிச்சம், கீழ் பிட்டில் பொத்தான். நிரலுக்குக் கிடைப்பது 40 அல்லது 41. 0 அல்லது 1 அல்ல. பேப்பர்பாய் என்ற விளையாட்டு துல்லியமாக 40 அல்லது 41 வரும் என்று நம்பி எழுதப்பட்டிருக்கிறது. எமுலேட்டர் எழுதுகிறவர் ‘பொத்தான்தானே, 0 அல்லது 1 கொடுத்தால் போதும்’ என்று எழுதினால் அந்த விளையாட்டு அவரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும்.

எவ்வளவு நேரம் இந்த மின்னூட்டம் தாங்க வேண்டும்? சிபியு ஓட்டம் 1.79 மெகாஹெர்ட்ஸ், ஒரு சுற்று சுமார் 560 நானோவினாடி. உத்தேசமாகக் கம்பியில் 50 பிகோ ஃபாரட், கசிவு 1 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துப் பாருங்கள்: ஒரு மைக்ரோவினாடிக்கு 0.02 வோல்ட்தான் குறையும். ஒரு சுற்றுக்குள் ஒன்றும் ஆகாது. இதே பஸ்ஸில் பழைய எல்எஸ் வகைச் சிப் ஒன்றின் உள்ளீடு தொங்கிக்கொண்டிருந்தால் கதை வேறு. 0-ஆக இருக்கும் கம்பிக்குள் அது 0.4 மில்லி ஆம்பியர் வரை தள்ளும். அதே கணக்கில் மைக்ரோவினாடிக்கு 8 வோல்ட் வேகத்தில் கம்பி மேலே ஏறும், மிச்சமெல்லாம் அழிந்து 1 ஆகிவிடும். டிடிஎல் சிப்புகள் நிறைந்த 8085 பலகைகளில் காலியான முகவரியைப் படித்தால் பெரும்பாலும் எஃப்எஃப் வருவது இதனால்தான். வேடிக்கை என்னவென்றால் 8085-க்கு எஃப்எஃப் என்பதும் ஒரு கட்டளை, ஆர்எஸ்டி 7. இல்லாத நினைவகத்துக்குள் நிரல் தாவினால், யாருமே எழுதாத ஒரு கட்டளையை சிபியு மரியாதையாக எடுத்து ஓட்டி 0038-க்குப் போய் நிற்கும்.

ஒரே இசட், ஒரு பெட்டியில் பழைய பைட்டின் மிச்சம், இன்னொரு பலகையில் எட்டு 1. நவீன சிமாஸ் உள்ளீடாக இருந்தால் மூன்றாவது சாத்தியமும் உண்டு: மின்னழுத்தம் நடுவில் போய் நின்று, உள்ளீட்டின் இரண்டு டிரான்சிஸ்டர்களும் பாதி திறந்து, சிப் சும்மாவே சூடாகும், சில நேரம் அலையவும் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் 74எல்விசிஎச் போன்ற வரிசைகளில் பஸ்-ஹோல்ட் வைத்தார்கள். கடைசி மதிப்பை மெல்லிய கையால் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு சின்ன இன்வெர்ட்டர்கள். பெயரின் கடைசியில் வரும் ‘எச்’ அதுதான்.

இப்போது என் சொந்தத் தொழிலுக்கு நெருக்கமான பக்கம். அந்த “இசட் வரும் சார்” பதிலுக்குப் புத்தகத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மொழிகளும் அதையே கற்றுக்கொடுக்கின்றன. வெரிலாக்கில் மிதக்கும் ஒரு கம்பியை அசைன் செய்து இன்னொரு கம்பிக்குக் கொடுத்தால், அந்தப் பக்கமும் இசட் என்றே சிமுலேட்டர் காட்டும். விஎச்டிஎல்-லிலும் அப்படித்தான். கைவிட்ட நிலை ஒரு சரக்கு மாதிரி கம்பி கம்பியாகப் பயணம் போகிறது. அதே வெரிலாக்கில் பஃப் என்ற கேட்டைப் போட்டால் இசட்டுக்கு எக்ஸ் வருகிறது, அது நேர்மையான பதில். அலைவடிவத்தில் ஒரு நேர் கோட்டைப் பார்த்துப் பழகிய பிள்ளை அதை ஒரு மதிப்பு என்று நினைக்காமல் வேறு என்ன நினைக்கும்?

இதைவிட எரிச்சல் கேஸ்-இசட் கட்டளை. அங்கே இசட் என்றால் ‘எதுவாக இருந்தாலும் பரவாயில்லை’. சோதிக்கப்படும் சிக்னலே எங்காவது அறுந்து மிதந்துகொண்டிருந்தால், அது எல்லா வரிக்கும் பொருந்திப்போய் முதல் வரி ஓடிவிடும். பிழையைக் காட்ட வேண்டிய எழுத்தே பிழையை மூடிவிடுகிறது. மின்னூட்டம் தங்குவதைக் காட்ட ட்ரைரெக் என்று ஒரு கம்பி வகை அதே வெரிலாக்கில் இருக்கிறது, தேய்மான நேரம்கூடக் கொடுக்கலாம். அதைப் பாடத்தில் சொல்லித்தருகிற ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் அவருக்கு என் வணக்கம்.

எஃப்பிஜிஏ பக்கம் இந்த வழக்கு ஒரு வகையில் தீர்ந்தே விட்டது. சைலிங்ஸின் வெர்டெக்ஸ்-2 காலம் வரை சிப்புக்குள்ளேயே த்ரீ-ஸ்டேட் பஃபர்கள் இருந்தன. ஸ்பார்டன்-3, வெர்டெக்ஸ்-4 வந்தபோது எடுத்துவிட்டார்கள். உள்ளே நீங்கள் இசட் எழுதினால் கருவி அதை மல்டிபிளெக்சராக மாற்றிவிடும், அல்லது திட்டும். ஆகவே எஃப்பிஜிஏ-வில் என்இஎஸ் கட்டுகிறவர் பஸ்ஸின் மிச்சத்தைப் பெற, கடைசியாகப் போன பைட்டை ஒரு ரெஜிஸ்டரில் தானே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கம்பியின் மறதியின்மை 8 ஃபிளிப்-ஃபிளாப்பாகிவிட்டது.

த்ரீ-ஸ்டேட் இப்போது உண்மையாகவே மிச்சமிருப்பது சிப்பின் ஓரத்தில், கால்களில். சைலிங்ஸில் அந்தப் பஃபரின் கட்டுப்பாட்டுக்கு ‘டி’ என்று பெயர், டி 1 ஆனால் கை விடும். அட்டவணையில் படித்த எனேபிளுக்கு நேர் எதிர். ஐ-ஸ்கொயர்-சி கம்பியை இதில் ஓட்டுகிறவர்கள் செய்வதைப் பாருங்கள்: தரவு உள்ளீட்டை நிரந்தரமாக 0-வில் கட்டிவிட்டு, அனுப்ப வேண்டிய பிட்டை டி-யில் கொடுப்பார்கள். பிட் 0 என்றால் இழு, 1 என்றால் விடு. மேலே தூக்குவது வெளியில் இருக்கும் 4.7 கிலோ ஓம். 100 கிலோஹெர்ட்ஸ் கம்பிக்கு அந்த 470 நானோவினாடி தாராளம்.